என் தலை படாத கிரீடம்

என் கைக்கு ராசி இல்லை என்று சொன்னவர்கள் எல்லோரும், அந்தக் கை செய்த சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு மேடையேறிச் சம்பாதித்தவர்கள்தான். இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. வயதானால் கோபம் தானாக அடங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

எழுபதுகளில் நாங்கள் அவனியாபுரத்தில் இருந்தோம். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குத் தொழில் நாடகச் சாமான் செய்வது. சாமி வேஷத்துக்கும் ராஜா வேஷத்துக்கும் கிரீடம், தோளில் கட்டுகிற புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், பெண் வேஷத்துக்கு ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, ராக்கொடி என்று உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் மினுங்குகிற எல்லாமே எங்கள் வீட்டில் கிடைக்கும். மாசி பிறந்துவிட்டால் சுற்றுப்பட்டிக் கிராமங்களில் கோயிலுக்குக் கோயில் நாடகம் வைப்பார்கள். அந்த நாடகக்காரர்கள் ஒரே கம்பெனியாகச் சேர்ந்து வருகிறவர்கள் இல்லை. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், அவருக்கு ஜோடியாக நடிக்கிற பெண் வேறோர் ஊரிலிருந்து வருவாள், பபூன் இன்னொரு பஸ்ஸில் வந்து இறங்குவான். மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதனால் உடுப்பும் நகையும் கிரீடமும் அவரவர் சொந்தச் சொத்து. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். பெண்டாட்டியைக்கூடப் பக்கத்து வீட்டை நம்பி விட்டுவிட்டுப் போவார்கள், கிரீடப் பெட்டியை விடமாட்டார்கள்.

கிரீடம் செய்வதை ஆசாரி வேலை மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். முக்கால்வாசி சமையல் வேலை. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழாகக் காய்ச்ச வேண்டும். அடிப்பிடித்தால் அம்புட்டும் குப்பைக்குத்தான். எலியும் கரப்பானும் தின்னாமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். கட்டுக்கம்பியில் கூடு கட்டி, அதன்மேல் அட்டை, அட்டைமேல் பழைய வேட்டித் துணி, மறுபடி பசை, மறுபடி துணி என்று ஏற்றிக்கொண்டே போய், வெயிலில் காயவைத்து, தங்க நிறத் தாள் ஒட்டிக் கல் பதிக்க வேண்டும். தகரத்தில் பூ வெட்டித் தருவதற்குக் கோரிப்பாளையத்தில் ஒரு பாய் இருந்தார். கம்பி வளைப்பது என் புருஷன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பசை காய்ச்ச மட்டும் விட்டார்கள். பிறகு துணி ஒட்ட விட்டார்கள். பிறகு கல் பதிக்கவும் நான்தான் என்று ஆனது. கடைசியில் அவருக்குக் கம்பி வளைப்பதைத் தவிர வேறு வேலை மிச்சம் இல்லாமல் போனது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பீடி பிடிக்க நேரம் கிடைத்தது.

கல் பதித்து முடித்த பிறகுதான் உண்மையான வேலை. உள்பக்கம் துணியும் பஞ்சும் வைத்துக் கிரீடத்தைத் தலையில் உட்கார வைக்க வேண்டும். தலை மாதிரி செதுக்கிய மரக்கட்டை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதன்மேல் கவிழ்த்து வைத்துத்தான் உள்துணி ஒட்டுவார்கள். மரக்கட்டைக்கு வலிக்குமா? வலித்தால் வாயைத் திறந்து சொல்லுமா? கல்லெல்லாம் நெற்றிப் பக்கம் இருப்பதால் கிரீடம் முன்னால் கனக்கும். மரக்கட்டை குனியாது, ஆடாது, பாட்டுக்குத் தலையசைக்காது. அதன் தலையில் எதை வைத்தாலும் நிற்கும்.

அதனால் நான் என் தலையில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நடிகர்கள் கிரீடத்துக்கு அடியில் டோப்பா முடி வைத்திருப்பார்கள் என்பதால், என் கூந்தலை அள்ளி உச்சியில் தட்டையாகச் சுருட்டி முடிந்துகொள்வேன். என் தலை சிறியதென்றால், வாங்குகிறவர் தலையை அளந்து வைத்த நூலுக்குச் சரியாக வரும்வரை ஒரு துணியைச் சுற்றிக்கொள்வேன். உள்துணியில் பசை ஈரம் காய்வதற்குமுன் கிரீடத்தை வைத்துக்கொண்டு கொல்லையில் நடப்பேன். குனிந்து உட்கார்ந்து எழுவேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக்கென்று திருப்புவேன். சில நாள் அதோடு போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டும் வந்திருக்கிறேன். காதுக்கு மேலே அழுத்தினால் அங்கே பஞ்சைக் குறைப்பேன். முன்னால் இழுத்தால் பின்பக்கம் ஓர் ஈயத்தகடு வைத்துத் தைத்து எடையைச் சரிக்கட்டுவேன். ஈரம் காய்வதற்குள் செய்தால்தான் உண்டு, காய்ந்துவிட்டால் அது பிடித்த பிடியை விடாது. என் புருஷன் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மகாராணி சமூகத்தில் இன்றைக்குச் சாப்பாடு உண்டா என்று கேட்பார்.

இதற்குக் குறுக்கே வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கிரீடம் முதன்முதலாக ஏற வேண்டியது அதை வாங்குகிறவர் தலையில்தான். வெள்ளிக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டு வருவார். முன் அறையில் பலகைமேல் கிரீடத்தை வைத்துச் சூடம் காட்டி, செய்தவரே அதை எடுத்து அவர் தலையில் வைக்க வேண்டும். தலைக்கு ஏற்றுவது என்று அதற்குப் பேர். அதுவரைக்கும் வேறு தலை பட்டிருக்கக் கூடாது, பட்டால் சாமி ஏறாது என்பார்கள். இந்த வழக்கத்தை ஏற்படுத்தின புண்ணியவான் ஒரு நாளாவது கிரீடத்தைப் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடியிருக்க மாட்டான். உப்புப் பார்க்காமல் எவளாவது விருந்துக்குக் குழம்பு வைப்பாளா? என் புருஷன் வழக்கத்தை வாயில் வைத்துக்கொண்டார், கிரீடத்தை என் தலையில் வைத்தார். அது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் தலைக்கு ஏற்றிய கிரீடங்களில் ஒன்றுகூட ஆடினதில்லை.

அவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. கருமாதி முடிந்து வந்தவர்கள் கலைந்ததும், மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, இனிமேல் நான் முன் அறைப் பக்கம் வரக் கூடாது என்றார்.

"சாமி தலைக்கு ஏறுற பொருளு. தாலியறுத்தவ எதுக்க நின்டா வெளங்குமா?"

சொன்னவரும் தாலியறுத்தவர்தான். மாமனார் போன நாளிலிருந்து நல்லது கெட்டதுக்கு முகம் காட்டாமல் அந்த அடுப்படியிலேயே கிடந்தவர். தனக்கு நடந்தது அநியாயம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை போலும். தான் கிடந்த மூலையில் எனக்கும் ஒரு பாயை விரித்துப் போட்டார். நான் அழுத கண்ணோடு இருந்த நேரம், வாய் எழும்பவில்லை. அன்றைக்கே பேசியிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஆனால் வேலையை விடச் சொல்லவில்லை, கவனியுங்கள். விடச் சொன்னால் வீட்டில் உலை வைக்க முடியாது. கொல்லையில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பசை காய்ச்சலாம், துணி ஒட்டலாம், கல் பதிக்கலாம். ஆள் வந்தால் மட்டும் உள்ளே போய்விட வேண்டும். செய்யும்போது என் கைக்கு ராசி இருக்கும், கொடுக்கும்போது போய்விடும். இப்படி ஒரு ராசியை எந்தப் பஞ்சாங்கக்காரன் கண்டுபிடித்தானோ.

கொடுப்பதற்குக் கொழுந்தன் இருந்தான். அவன் அண்ணன் இருந்த காலத்தில், ஆர்டர் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நாடகக்காரர்கள் கூடுகிற டீக்கடைகளில் உட்கார்ந்திருந்தவன். நோகாமல் நுங்கு தின்கிற ரகம். இப்போது வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக முன் அறையில் நின்றான். நான் செய்த கிரீடத்தை எடுத்து, வருகிறவர்கள் தலையில் அவன் ஏற்றினான். இந்தக் கல் வரிசையை எப்படிப் போட்டாய் என்று யாராவது கேட்டால், அதெல்லாம் ஒரு கணக்குண்ணே என்பான். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கணக்காம். அவனைப் பசைச் சட்டி முன்னால் உட்கார வைத்தால் பத்து நிமிஷத்தில் அடிப்பிடிக்க விட்டுவிட்டு வெளியே போய்விடுவான். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டையே அவன் பேரைச் சொல்லித்தான் ஜனங்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

நான் ஒன்றை மட்டும் விடவில்லை. மாமியார் கோயிலுக்கோ கடைக்கோ போகிற நேரம் பார்த்துக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கும் கிணற்றுக்கும் இடையே நடந்தேன். வெள்ளைச் சேலையும் தலையில் கிரீடமுமாக. பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். எனக்கு அதில் ஒரு வீம்பும் இருந்தது, மறைப்பானேன். கொல்லையில் அந்தக் கொஞ்ச நேரம் நான் யாருக்கும் அடங்கினவள் இல்லை. ஆனால் வீம்புக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. போட்டுப் பார்க்காத கிரீடம் நிற்காது, அவ்வளவுதான்.

அப்போது மதுரை வட்டாரத்தில் முருகன் வேஷத்துக்குப் பேர் போன ஒரு ராஜபார்ட் இருந்தார். ஆள் நல்ல உயரம், பெரிய தலை. என் புருஷன் செத்த வருஷம், கருமாதிக்குப் பிறகு, இவருக்கு ஒரு கிரீடம் செய்து கொடுத்தோம். செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அவருக்கு ஊர் ஊராக அழைப்பு வந்தது. எங்கள் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்து கொழுந்தன் தோளில் தட்டுவார்.

"ஒங்கை ராசியான கை மாப்ள. இந்தக் கிரீடம் ஏறின நேரம், நான் தொட்டதெல்லாம் தொலங்குது."

அவன் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவான். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வரும். ஒரு தடவை அப்படி வந்தபோது பசைச் சட்டியைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் விரல் தோல் உரிந்துபோனது.

மாட்டிக்கொண்டது ஒரு தை மாதத்தில். மாமியார் சீனி வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தார். சீனி வரவில்லை என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறும் பையோடு கொல்லைப் பக்கமாக வந்தவர், கிரீடமும் தலையுமாக நான் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தினால் அக்கம்பக்கம் கேட்டுவிடும், வியாபாரம் போய்விடும் என்கிற விவரம் அவருக்கு உண்டு. அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் கொழுந்தன் வந்ததும் இரண்டு பேரும் உள்ளே குசுகுசுவென்று பேசினார்கள். கல் பதிப்பதோடு என் வேலை முடிந்துவிட வேண்டும், உள்துணி வைப்பதைக் கொழுந்தன் முன் அறையில் பார்த்துக்கொள்வான் என்று முடிவு சொன்னார்கள். மறுபடி கிரீடத்தைத் தலையில் வைத்தால் பேரையூருக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

பேரையூர் எனக்குப் பிறந்த ஊர். அங்கே அண்ணனும் மதினியும் அவர்கள் பிள்ளைகளும் மானாவாரிக் காட்டை நம்பி இருந்தார்கள். போனால் பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டு, ஒரு வாய் சோற்றுக்கு முகம் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். கல்லும் கம்பியும் பசையும் இல்லாமல் என் கை என்ன செய்யும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அந்த ராஜபார்ட் பங்குனித் திருவிழாவுக்கென்று புதுக் கிரீடம் சொன்னார். பழையதைவிட உயரமாக, அடுக்கடுக்காக, பின்னால் மயிற்பீலி செருகுகிற மாதிரி வேண்டும் என்றார். நான் செய்த கிரீடங்களிலேயே அழகானது அதுதான். பச்சைக் கல்லும் சிவப்புக் கல்லும் கண் கூசும். கல்லுக்குத் தகுந்த கனமும் நெற்றிப் பக்கம் இருந்தது. உள்துணி இல்லாமல் கொழுந்தன் கையில் கொடுக்கும்போது மனசு கேட்காமல் சொன்னேன். பின்னால் ஈயத்தகடு வைக்க வேண்டும், காதுக்கு மேல் பஞ்சு மெல்லிசாகப் போட வேண்டும், ஈரத்தோடு யார் தலையிலாவது வைத்துக் குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"மதினி, எல்லாம் எனக்குத் தெரியும். கல்லைப் பதிச்சமா, பேசாம இருந்தமான்னு இருங்க."

அவன் அதை மரக்கட்டையில் கவிழ்த்து, தலையணைக்கு அடைப்பதுபோல் பஞ்சை அடைத்து, வெயிலில் காயவைத்தான். வெள்ளிக்கிழமை தலைக்கு ஏற்றினான். ராஜபார்ட் கண்ணாடியில் பார்த்து அசந்துபோனார். நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்த்தால் எந்தக் கிரீடமும் நிற்கும்.

திருமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் நாடகம். முருகனுக்குக் கல்யாணம் நடக்கிற கடைசிக் காட்சியில், மாலை மாற்றுவதற்காக அவர் குனிந்திருக்கிறார். கிரீடம் முதலில் மூக்கு வரைக்கும் இறங்கி, பிறகு மேடையில் விழுந்து உருண்டிருக்கிறது. பபூன் சும்மா இருப்பானா? அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாறிப்போச்சு என்று பெண் பக்கத்தில் போய் நின்றானாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். ஊர்ப் பெரியவர்கள் சிரிக்கவில்லை. சாமி கல்யாணத்தில் கிரீடம் விழுந்தால் ஊருக்கு ஆகாது என்று சொல்லி, ராஜபார்ட்டுக்குப் போட வேண்டிய துண்டைக்கூடப் போடாமல் அனுப்பிவிட்டார்கள்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அரிதாரம் காதோரத்தில் சரியாகக் கழுவப்படாமல் இருந்தது. பெட்டியைத் திறந்து கிரீடத்தைப் பலகைமேல் போட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கைநிறையப் பசை.

ஊரே சிரித்துவிட்டது, இனி எந்த முகத்தோடு அந்தப் பக்கம் போவேன் என்று அவர் கேட்டார். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாகத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. கொழுந்தன், பஞ்சு கொஞ்சம் கூடிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"நான் என்னண்ணே செய்ய. எங்க மதினி கை அதுல பட்டுருச்சு. தாலியறுத்த கை. எம்புட்டுச் சொன்னாலும் கேக்குறதில்லை."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதைக் காதால் கேட்டபடி நான் நின்றேன். ராஜபார்ட் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தோள் துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். தலையில் ஏதோ ஒட்டியிருப்பது மாதிரி மறுபடி மறுபடி துடைத்தார். பிறகு, இந்தக் கிரீடத்தைக் கொண்டுபோய் எரி, வேறு கையால் வேறு கிரீடம் செய், அந்தப் பொம்பளை இருக்கிற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன் என்றார். எனக்குப் பின்னாலிருந்து மாமியார், இன்றைக்கே பேரையூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகக் குரல் கொடுத்தார். சொன்னதோடு நிற்கவில்லை. என் சேலைகளை ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டி, என்னைத் தாண்டிக்கொண்டு போய் வாசல்படியில் வைத்தார். எத்தனை நாளாக அந்தத் துண்டை எடுத்து வைத்திருந்தாரோ.

மூட்டையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பயம் அத்துப்போனது. இதற்காகத்தானே இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்? இனிமேல் பொத்தி என்ன லாபம்? பசைக் கையோடு முன் அறைக்குப் போனேன். புருஷன் போன பிறகு அந்த அறையில் ஆள் இருக்கும்போது நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"அண்ணே, எரிக்கிறதுன்னா இது ஒண்ணை மட்டும் எரிச்சாப் பத்தாது. உங்க பழைய கிரீடத்தையும் கொண்டாங்க, சேத்து எரிச்சுருவம்."

அவர் எதற்கு என்று கேட்டார்.

"அதுவும் நான் செஞ்சதுதான். தாலியறுத்த பெறகு செஞ்சது. செஞ்சது மட்டுமில்லை, அது மொதல்ல ஏறினது உங்க தலையில இல்லை, என் தலையில. அதைப் போட்டுக்கிட்டு இந்தக் கொல்லையில நடந்து பாத்துட்டுத்தான் குடுத்தேன். இந்த வீட்டுல இருந்து போன கிரீடம் அம்புட்டும் அப்படித்தான் போச்சு. என் தலை படாதது இந்தப் புதுசு ஒண்ணுதான். அதான் நிக்கலை."

கொழுந்தன், பொய் சொல்கிறாள் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனுக்கு அந்தத் தைரியமும் இல்லை. தரையைப் பார்த்தான். ராஜபார்ட் அவனைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். தொட்டதெல்லாம் துலங்கின அத்தனை வருஷமும் அவர் முகத்தில் வந்து போயின. அன்றைக்கு ராத்திரி அவருக்கு மேலூர்ப் பக்கம் இன்னொரு நாடகம் இருந்தது. பழசைப் போட்டாலும் நான் செய்தது, புதுசைப் போட்டாலும் நான் செய்தது. கிரீடம் இல்லாமல் முருகன் வேஷம் போடவும் முடியாது. மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சரி தாயி. கதவைச் சாத்திட்டுச் சரிபண்ணிக் குடுங்க. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எரிக்கச் சொல்லும்போது கதவு திறந்திருந்தது. தாலியறுத்த கை என்று சொன்னபோதும் திறந்துதான் இருந்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். என் கை வேலை செய்யும்போது மட்டும் சாத்த வேண்டுமாம். கதவு திறந்தேதான் இருக்கும், இஷ்டமிருந்தால் உட்காருங்கள், இல்லாவிட்டால் நெருப்புப்பெட்டி தருகிறேன் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

உள்துணியைப் பிய்த்து எடுத்தேன். தலையணைப் பஞ்சு கொத்துக்கொத்தாக வந்தது. புதுத் துணியில் பசை தடவி வைத்து, பின்னால் ஈயத்தகடு வைத்துத் தைத்தேன். பிறகு கூந்தலை உச்சியில் முடிந்து, அவர் தலையளவுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கக் கிரீடத்தை என் தலையில் வைத்தேன். அறைக்குள் நடக்க இடம் போதவில்லை. வாசல்படி வரைக்கும் போய், தெருவைப் பார்த்து நின்று குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையை இரண்டு பக்கமும் திருப்பினேன். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடது காதுக்கு மேல் கொஞ்சம் அழுத்தியது. கழற்றி அங்கே பஞ்சைக் குறைத்தேன், மறுபடி போட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் அவர் தலையில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குனியச் சொன்னேன், குனிந்தார். நிமிரச் சொன்னேன், நிமிர்ந்தார். கிரீடம் அசையவில்லை. ஈரம் காயும்வரை அப்படியே உட்காரச் சொன்னேன், உட்கார்ந்திருந்தார். மாமியார் கதவுக்குப் பின்னால், வழக்கமாக நான் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

காய்ந்ததும் அவர் கிரீடத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். டீக்கடையிலிருந்து ஒருவர், என்னண்ணே சரியாப்போச்சா என்று கேட்டார்.

"ஆமாப்பா. மாப்ள சரிபண்ணிக் குடுத்துட்டாப்ல."

டீக்கடையில் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். கையில் கிளாஸோடு அவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தவர்கள். கிரீடத்தோடு நான் படியில் நின்றதைக் கண்ணால் கண்டவர்கள். கண்ட கண்ணை நம்பாமல் ஆம்பளை வாயை நம்பித் தலையாட்டினார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பின்பும் வந்ததில்லை. புருஷன் செத்த அன்றுகூட விதியை அப்படி வையவில்லை.

படியிறங்கிப் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். செய்தது யார் என்று சொல்லிவிட்டுக் கொண்டு போங்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போனது.

"நடுத்தெருவுல வச்சு என்ன தாயி இது."

"நடுத்தெருவுலதான பொய் சொன்னீங்க."

தெருமுனையில் டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் பெட்டியை இழுத்துப் பார்த்தார், நான் விடவில்லை. வாய்க்குள் என்னவோ சொன்னார். மைக் கெட்டுப்போன ஊரில்கூட, கடைசி வரிசையில் துண்டை விரித்துத் தூங்குகிறவனை எழுப்பி உட்கார வைக்கிற குரல் அந்த மனிதருக்கு. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலைண்ணே," என்றேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார். மேடையில் பாட்டெடுப்பதற்கு முன்னால் செய்வாரே, அப்படி வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.

"கிரீடத்தைச் செஞ்சது இவுகதான். போட்டுப் பாத்துச் சரிபண்ணிக் குடுத்ததும் இவுகதான்."

தெருக்கோடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். நான் கைப்பிடியை விட்டேன். பிறகு வாசல்படியில் இருந்த என் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு முன் அறை வழியாகவே உள்ளே போனேன்.